தெருவின் கடைசியில் ஓரடி

என் அக்கா பதினோரு வருடம் மனுப் போட்டு வாங்கிய வேலை, ஓரடி நிலத்தால் போனது. அந்த ஓரடியை டேப் பிடித்து அளந்து கல் நட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரியவந்து, இவன் ஏன் இதை மறைத்தான் என்று யாரும் யோசிக்க வேண்டாம்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். விட்டதற்குப் பெரிய காரணம் கிடையாது. ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் லாரி ஏறினேன், மறுநாளும் லாரியிலேயே இருந்தேன். திட்டக்குடிப் பக்கம் கரும்பு வெட்டினேன். பெங்களூரில் செங்கல் சுமந்தேன். திருப்பூரில் சாயத்தண்ணீரில் நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய்த் திரும்பினேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. எப்போது வந்தாலும் அக்கா சோறு போடுவாள். அக்கா புருஷன், நான் மாமா என்று கூப்பிடுபவர், செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக ஷிப்டு பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "என்னா மச்சான், இந்தத் தடவ எத்தன நாள் லீவு?"

2004இல் அப்படி வந்தபோது கடலூரில் ஒரு வேலை கிடைத்தது. அரிசி வியாபாரத்தில் இருந்த ஒருவர் மனை போட்டு விற்கத் தொடங்கியிருந்தார். ஊருக்கு மேற்கே மெயின் ரோட்டை ஒட்டிக் கரும்புக் கொல்லை ஒன்றை வாங்கியிருந்தார். ஜேசிபி வந்து வரப்புகளைத் தள்ளிச் சமன் செய்தது. படம் போடுகிறவர் ஒருவர் நீலத்தாளில் கோடு இழுத்துக் கொடுத்தார். அந்தக் கோட்டைத் தரையில் கொண்டுவருவது எங்கள் வேலை. டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும், மறுமுனையை இன்னொருவன் இழுப்பான். குறித்த இடத்தில் கடப்பாரையால் குழி போட்டுக் கல்லை இறக்கி, தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்து எண் எழுத வேண்டும். பதினைந்து நாளில் கொல்லை நகராகிவிடும். ரோட்டோரம் சிமெண்டு வளைவு கட்டி முதலாளி அதற்குத் தன் அம்மா பெயரை வைத்தார். அடுத்ததற்குப் பெண்டாட்டி பெயர், அதற்கடுத்ததற்கு மகள் பெயர். அம்மாவும் பெண்டாட்டியும் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூன்று நகருக்கும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வழி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் மெயின் ரோட்டுக்கு வந்து, வளைவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதவனுக்கு நிலத்தில் கணக்கு வந்தது. மூலைவிட்டம் சரியாக வந்தால் மனசுக்குள் ஒரு சின்ன சத்தம் கேட்கும், பூட்டு விழுவது மாதிரி. நான் நட்ட கல் பிசகாது என்று முதலாளியே வெளியாட்களிடம் சொல்வார். என்னைப் பற்றி யாரும் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வருடக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. தேவனாம்பட்டினத்தில் நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. நான் எழுதப் போவது அதற்கு அடுத்த மாதம் நடந்தது. முதலாளி புதிதாக நோட்டீஸ் அச்சடித்தார். மேலே சாமி படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'கடலிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் உங்கள் கனவு இல்லம்'. அதைக் குப்பத்திலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். உடைந்த படகின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"ஏம்பா, அங்க போயிட்டா வலைய எங்க காயப்போடறது? ஒன் மொதலாளி தலையிலயா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் அன்றைக்குச் சிரித்ததே பெரிது. நான் மீதி நோட்டீஸைப் பஸ் ஸ்டாண்டில் கொடுத்தேன். பயம் நன்றாக விற்றது. கடலுக்குப் பக்கத்திலேயே இல்லாத ஆசிரியர்களும் ஆபீஸ்காரர்களும்தான் அதிகம் வாங்கினார்கள்.

ஓரடிக்கு வருகிறேன். அந்த முதல் நகரில் வளைவிலிருந்து நேராக ஒரு பெரிய தெரு. அது பின்பக்க எல்லையில் போய் முடியும். தெருவை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால்தான் மனைக்கு அனுமதி. கடைசிக் கல்லை எல்லைக் கோட்டில் நடப் போனேன். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்க இல்லடா. ஒரு அடி உள்ள தள்ளி நடு."

"படத்துல எல்லை வரைக்கும் ரோடுதான் இருக்கு முதலாளி."

"படத்துல ஒரு அடி எவன் கண்ணுக்குத் தெரியும்? பேனா கோட்டுத் தடிமன். பத்திரத்துல தெளிவா எழுதியிருக்கேன், ரோடு அந்த ஓரடிக்கு முன்னாடி முடியுதுன்னு. அந்த ஓரடி என் பேர்ல."

"ஓரடிய வெச்சிக்கிட்டு என்னா பண்ணுவீங்க? முருங்கைகூட வெக்க முடியாது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பின்னாடி நெலத்துக்காரன் என்னிக்கி இருந்தாலும் மனை போடுவான். அவனுக்கு மெயின் ரோட்டுக்கு வழி? என் ரோடு. நான் கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட ரோட்ல அவன் ஓசியில வந்து வித்துட்டுப் போவானா? இந்த ஓரடி இருந்தா, எங்கிட்ட வந்து கைகட்டி நிப்பான்."

எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. உள்ளே தள்ளி ஒரு வரிசைக் கல், எல்லையில் ஒரு வரிசைக் கல். நடுவில் பன்னிரண்டு அங்குலம். தெருவின் முழு அகலத்துக்கும் நானே டேப் வைத்துச் சரிபார்த்தேன். அதன்பிறகு கடலூரைச் சுற்றி எத்தனையோ நகர்களில் இதைப் பார்த்துவிட்டேன். எல்லா முதலாளியும் இதை அவரவர் சொந்த மூளையில் கண்டுபிடித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. தொடையில் கையை ஊன்றி அழுத்தினால்தான் அந்தக் கால் அடுத்த அடிக்கு வரும். ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் அவள் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தாள். கலெக்டர்கள் மாறினார்கள், ஆட்சி மாறியது, மனுவின் மேல் ஒட்டிய போட்டோவில் அவளுக்கு வயது கூடிக்கொண்டே போனது. 2006இல் ஒரு வழியாக வந்தது: சத்துணவு சமையல் உதவியாளர். ஆயா வேலை. எங்கள் குடும்பத்தில் முதல் அரசாங்க வேலை அது. உத்தரவு வந்த அன்று மாமா அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

பள்ளிக்கூடம் நான் கல் நட்ட அந்த முதல் நகரின் வளைவுக்குப் பத்தடி தள்ளி, மெயின் ரோட்டின் மேலேயே இருந்தது. அக்காவும் மாமாவும் வாடகைக்கு இருந்ததோ திருப்பாதிரிப்புலியூரில். இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பஸ் ஏற முடியாது. எட்டரைக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். மதியம் மணி அடிக்கும்போது பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும், அதைத் தள்ளிப்போட முடியாது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு வேண்டும். அதைத் தவிர அவர்களுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

முதல் நகரில் வாங்க அவர்களால் முடியாது. முடிந்திருந்தாலும் விற்றிருக்க மாட்டார்கள். பெயரையும் ஊரையும் சொன்னதுமே எந்தத் தெருக்காரன் என்று தெரிந்துகொள்கிற திறமை மனை விற்கிறவர்களுக்கு உண்டு. எங்களிடம் மட்டும் எல்லா மனையும் போன வாரமே புக் ஆகியிருக்கும். 2007இல் பின்பக்க நிலத்திலும் மனை போட்டார்கள், வேறொரு ஆள். விலை பாதி. வாங்கினவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள்: துப்புரவுப் பணியாளர், கம்பெனிக் கூலி, புதிதாக வேலைக்குப் போன நர்ஸ், கிறிஸ்தவக் குடும்பங்கள் நாலைந்து. அதன் பெரிய தெருவும் முதல் நகரின் பெரிய தெருவும் நேருக்கு நேராக இருந்தன. நடுவில் அந்த ஓரடிதான். அந்தப் பின்பக்க முதலாளி என் முதலாளியிடம் வந்து கைகட்டி நிற்கவில்லை. மனை பார்க்க வந்தவர்களை முதல் நகர் வழியாகவே வேனில் கூட்டிவந்து காட்டி, விற்று முடித்து, ஊரைவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு சுலபம்.

அக்காவுக்கு அந்த மனையைக் காட்டியது நான். "ஒன் வூட்லேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு நேர் கோடுக்கா. நாலு நிமிஷம். ஒனக்கு ஏழு நிமிஷம்."

மாமா கேட்டார், "ஏன் மச்சான், நடுவுல ஏதோ ஓரடி உட்டாங்கன்னு சொன்னியே?"

"அது சும்மா மாமா. மொதலாளி ஆசைக்கு உட்டது. மாடு போவுது, சைக்கிள் போவுது, வேன் போவுது. யாரு வந்து ஓரடியில செவுரு கட்டப்போறான்?"

இதுதான் நான் சொன்னது. தெரு என்று ஒன்று இருந்தால் அது இன்னொரு தெருவில் போய்ச் சேரும் என்று நினைத்தேன். ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு அப்படித்தான் தோன்றும். எந்த ஊரிலும் நான் தெரு தீர்ந்துபோய்த் திரும்பி வந்ததில்லை.

மனையை வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். இரண்டு வருடத்துக்கும் மேலாக அக்கா ஏழு நிமிடத்தில் வேலைக்குப் போனாள். தினமும் காலையில் முதல் நகர்த் தெருவில் அவள் போகும்போது ஒரு வீட்டுக்கார அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

"என்னாம்மா, இன்னிக்கி ரெண்டு நிமிஷம் லேட்டு. அட்டெண்டன்ஸ்ல சிவப்பு மை போட்டுறவா?"

"போடுங்கக்கா. அப்படியே எச்செம்கிட்ட சொல்லி எனக்கு மெமோவும் வாங்கிக் குடுத்துருங்க."

இப்படி ஏதாவது நடக்கும். அந்த அம்மா வீட்டு முருங்கைக்கீரை சில நாள் எங்கள் அக்கா வீட்டுக்கு வரும். இதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் முதல் நாளிலிருந்தே கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு எழுதுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2008இல் என் முதலாளியோடு ஒரு சண்டை. நான் வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரம் போனேன். அங்கே வேறொருவரிடம் அதே டேப், அதே கல். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வருவேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் வளைவுகள்தான். நெல் வயலின் நடுவில் ஒரு வளைவு நிற்கும், பின்னால் மஞ்சள் கற்களும் கொடிகளும், ஒரு வீடு இருக்காது. அதற்கு முந்நூறு அடி தள்ளி இன்னொரு வளைவு. நடுவில் இருந்த வாய்க்காலை இரண்டு பேரும் பாதிப் பாதி தூர்த்திருப்பார்கள். அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். வயலாக இருந்தபோது வரப்பு வழியாகச் சிதம்பரத்திலிருந்து எத்தனை ஊருக்கு நடந்து போகலாம் என்று அங்கே கல் தூக்க வந்த ஆட்கள் சொல்வார்கள். நகரானபிறகு பக்கத்து நகரில் இருக்கிற மளிகைக் கடைக்கு மெயின் ரோடு வழியாக லாரிகளுக்கு நடுவில் போக வேண்டும். வீடு கூடக் கூட வழி குறைந்தது. ஊர் வளர்கிறது என்று பேப்பரில் போட்டார்கள்.

சிதம்பரத்தில் நான் தங்கியிருந்தது ரயிலடிப் பக்கம். சாயங்காலம் வேலை முடிந்தால் கோயிலைச் சுற்றியுள்ள நாலு வீதியிலும் நடப்பேன். கீழவீதியில் தொடங்கினால் எப்படிப் போனாலும் மறுபடி கீழவீதிக்கு வந்துவிடலாம். எந்தச் சந்தில் நுழைந்தாலும் அது இன்னொன்றில் கொண்டுபோய் விடும். அளந்தவன் யாரோ, தெரு என்றால் என்ன என்று தெரிந்தவன். ஆனால் எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் அந்த மாதிரி வீதிகளில் யார் யார் நடக்கலாம், செருப்பு யார் போடலாம் என்று கணக்கு இருந்தது. அப்போது தெருவை விட்டுவிட்டு ஆளைத் தடுத்தார்கள். இப்போது ஆளைத் தடுத்தால் சட்டம் இருக்கிறது. தெருவைத் தடுத்தால் சட்டம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது முதல் நகர்த் தெருவின் கடைசியில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டுச் சங்கிலி போட்டிருந்தது. மனைகள் எல்லாம் வீடாகியிருந்தன. கார்கள் வந்திருந்தன. குடியிருப்போர் நலச்சங்கம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். அக்கா சங்கிலியைக் கையால் தூக்கிக்கொண்டு குனிந்து வந்தாள். "வண்டிங்க வேகமா போவுதாம்டா. அதுக்காகப் போட்டிருக்காங்க" என்றாள். அவளாகவே அவர்களுக்கு ஒரு காரணம் சொன்னாள். நான் சங்கத்தின் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. ஒங்க அக்காவச் சொல்லல. அவுங்க வரட்டும் போகட்டும். பொதுவாச் சொல்றேன். பின்னாடியிலேர்ந்து கண்டவங்க நடமாட்டம் ஜாஸ்தியாயிடுச்சி. வயசுப் பொண்ணுங்க இருக்கற எடம்."

"பின்னாடியும் வயசுப் பொண்ணுங்க இருக்குதுங்க சார்."

"அதான் சொல்றேன். அவுங்கவுங்க எடம் அவுங்கவுங்களுக்குப் பாதுகாப்பு."

2010இல் சங்கத்தார் சென்னைக்குப் போய், அங்கே குடிபோயிருந்த என் பழைய முதலாளியைத் தேடிப் பிடித்தார்கள். அவர் அந்த ஓரடியைச் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். யாரையோ கைகட்டி நிற்கவைக்க விட்ட நிலம் கடைசியில் சும்மா கைமாறியது. சுவர் கட்ட அஸ்திவாரக் குழி போட்டார்கள்.

அந்தச் சுவர் எழுந்தால் அக்கா எப்படிப் போவாள் என்று சொல்ல வேண்டும். பின்பக்க நகருக்கு இருக்கிற ஒரே வேறு வழி வடக்கே மண்பாதை. அது ஏரிக்கரை ஏறி, அடுத்த ஊருக்குள் இறங்கி, அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து, அப்புறம் ரோட்டோரமாகவே திரும்ப வளைவு வரைக்கும் வர வேண்டும். காலுள்ளவனுக்கு அரை மணி. அக்காவுக்கு ஒன்றேகால் மணி. மழை பெய்தால் மண்பாதையில் அவள் கால் நிற்காது. மாமாவுக்குக் காலை ஷிப்டு, விடிவதற்குள் கிளம்பிவிடுவார், வண்டியில் கொண்டுவிட ஆள் இல்லை. ஆயா சம்பளத்தில் தினம் ஆட்டோ வைத்துக்கொள்ள முடியாது. சுவர் என்றால் வேலை இல்லை. அக்காவுக்கு அது முதல் குழி தோண்டிய அன்றே தெரிந்தது.

பின்பக்கத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்: "கட்டட்டும். கட்டி முடிச்ச அன்னிக்கே இடிச்சித் தள்ளிட்டுப் போவோம்." ஆனால் ஒருவர் மகன் போலீஸ் தேர்வு எழுதியிருந்தான். ஒருவர் மகள் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். கேஸ் விழுந்தால் பிள்ளைகளுக்கு வேலை போய்விடும். முன்னேறுகிறவனுக்கு அடிக்கக்கூடக் கை வராது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்பது என்று முடிவானது. மனு எழுதியது அக்கா. மனு எழுதுவதில் எங்கள் பக்கத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

விசாரணைக்கு ஒரு சர்வேயரும் வி.ஏ.ஓ.வும் வந்தார்கள். ஒரு பக்கம் சங்கத்தார், ஒரு பக்கம் எங்கள் ஆட்கள். நான் சிதம்பரத்திலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஊராட்சி ஆபீஸிலிருந்து கொண்டுவந்த தானப் பத்திரத்தின் நகலில் கடைசிப் பக்கம் செல்லரித்து, படமும் மங்கி, தெரு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. குழி தோண்டிய மண்ணும் முள்ளும் குப்பையும் சேர்ந்து தரையில் கல் ஒன்றும் தெரியவில்லை. சர்வேயர் வெயிலில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"ரோடு எல்லை வரைக்கும் போவுதா, நடுவுல நின்னுடுதா? சங்கத்துப் பத்திரம் இப்ப எழுதுனது, அத வெச்சி முடிவு பண்ண முடியாது. இது தெரியாம நான் என்னத்த எழுதறது? தெரியலேன்னா எல்லை வரைக்கும்னுதான் எழுதணும்." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சும்மா கேட்டு வைத்தார்: "கல் நட்டப்ப இருந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

"நான்தான் சார் நட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களா? வாங்க சார், வாங்க. இங்க வாங்க."

அதுவரை எந்த ஆபீஸர் வாயிலிருந்தும் எனக்கு அந்த வார்த்தை வந்ததில்லை. கூட்டம் வழி விட்டது. நான் முன்னால் போனேன். ஓரடி என்று நான் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு மனுஷன் பன்னிரண்டு அங்குலத்தைப் பிடித்துவைத்து ஒரு ஊரையே மடக்கப் பார்த்தான் என்று தெரிந்தால், அந்தச் செயலாளருக்கே வெட்கமாகிவிடும் என்று நினைத்தேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் நியாயம் தானாகத் தெரிந்துவிடும் என்ற எண்ணம். எட்டாம் வகுப்போடு நின்றவனின் எண்ணம்.

முள்ளை விலக்கி, மண்வெட்டி வாங்கி, நானே தோண்டினேன். எல்லைக் கல் வந்தது. உள்வரிசைக் கல்லும் வந்தது. மஞ்சள் பெயின்ட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சர்வேயர் டேப்பை வைத்தார். இந்த முனையில் பன்னிரண்டு அங்குலம். அந்த முனையில் பன்னிரண்டு அங்குலம்.

"அட, நூல் புடிச்ச மாதிரி இருக்கே. பிசகே இல்ல" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது எல்லாம் பொய். அந்த ஒரு நிமிடம் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அவர் பலகையில் வைத்து எழுதிக்கொண்டே வி.ஏ.ஓ.விடம் சொன்னார்: "அப்ப இது பொது ரோடு இல்ல. ரோடு இந்தக் கல்லோட முடிஞ்சிடுது. இந்தத் துண்டு தனியார் நெலம். அவுங்க எடத்துல அவுங்க செவுரு கட்டிக்கலாம்."

செயலாளர் என் தோளில் தட்டினார். "உண்மையச் சொல்ற ஆளுங்க கொறஞ்சிபோச்சி தம்பி" என்றார். நான் அக்காவைத் தேடினேன். அவள் எங்கள் ஆட்களோடு இல்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள், தொடையில் கையை ஊன்றி ஊன்றி. மாமா மட்டும் நின்றிருந்தார்.

"ஏன் மச்சான், அவார்டு குடுத்துட்டாங்களா? வா, போவலாம்."

என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

சுவர் ஆறு நாளில் எழுந்தது. மேலே கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். தண்ணீர் ஊற்றுகிற அந்த அம்மாவைச் சுவர் வந்தபிறகு ஒரு தடவை மெயின் ரோட்டில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் பையில் ஏதோ தேடத் தொடங்கினார்.

அக்கா விடவில்லை. ஏழு மணிக்கு முன்னால் கிளம்பி ஏரிக்கரை வழியாக நடந்தாள். கோடையில் சமாளித்தாள். ஐப்பசியில் கரையில் வழுக்கி இரண்டு தடவை விழுந்தாள். அடுப்பு பற்றவைக்க நேரமானது. சமையல்காரம்மா ஒரு மாதம் பொறுத்துக்கொண்டார், பிறகு புகார் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, இரண்டு ஆள் வேலையை ஒருத்தி எத்தனை நாள் செய்வது? தலைமையாசிரியை இரண்டு தடவை விளக்கம் எழுதி வாங்கினார். இடமாற்றம் கேட்டு அக்கா மனுக் கொடுத்தாள். இடம் காலியில்லை என்று பதில் வந்தது. இந்தத் தடவை பதில் சீக்கிரமாகவே வந்தது.

2011 தை மாதம், வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன் என்று சொன்னாள். நானும் கூடப் போனேன். அதுவரை அந்தச் சுற்று வழியை நான் முழுதாக நடந்ததில்லை. சைக்கிளில்தான் போயிருக்கிறேன். அன்றைக்கு அவளோடு அவள் வேகத்தில் நடந்தேன். ஏரிக்கரை ஏற்றத்தில் அவள் ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மரத்தில் அவள் கை வைக்கும் இடம் வழவழப்பாக இருக்குமோ என்று பார்த்தேன், அப்படியெல்லாம் இல்லை. மரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்த ஊர்ப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். மெயின் ரோட்டில் லாரிக் காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை நின்றாள். பேச்சுக் கொடுத்தால் அவளுக்கு மூச்சு வாங்கும் என்று கூடவே நடந்தேன்.

தலைமையாசிரியை கடிதத்தைப் படித்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் பாத்திருக்கலாமேம்மா" என்றார்.

"ரெண்டு மாசத்துல செவுரு தேஞ்சிடாது டீச்சர்" என்று அக்கா சாமான் அறைச் சாவியை மேசையில் வைத்தாள். அவள் சொன்ன விதத்தில் தலைமையாசிரியைக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டது மாதிரி எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்தோம். பத்தடியில் அந்தச் சிமெண்டு வளைவு. அதற்குள்ளே பார்த்தால் தெரு நேராகப் போகிறது, கடைசியில் சுவர், சுவருக்கு மேலே அக்கா வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட மாமாவின் சட்டை தெரிகிறது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கி அந்தாளு கேட்டப்ப, ஞாபகம் இல்ல சார்னு சொல்லியிருந்தா ஒனக்கு என்னாடா ஆயிருக்கும்?"

"ஒன்னும் ஆயிருக்காதுக்கா."

"அப்புறம் ஏன்டா சொன்ன?"

அந்த ஆள் என்னை சார் என்று கூப்பிட்டார் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? "கேட்டாங்க. சொன்னேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ வந்தது, கையைக் காட்டி நிறுத்தினேன். அடுத்த ஊர் வரைக்குமாவது அதில் போகலாம்.

"வேணாம், அவன அனுப்பு" என்றாள். "வேலைக்குப் போறப்பதான்டா நேரமாவும். வூட்டுக்கு என்னா அவசரம்."

தொடையில் கையை ஊன்றி, லாரிகள் வரும் பக்கமாகவே நடக்கத் தொடங்கினாள்.